அடுக்குமாடியில் மத்திய அலை: ஏர்ஸ்பை யூலூப் ஆன்டெனா மதிப்புரை

பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்துகொண்டு மத்திய அலையிலோ சிற்றலையிலோ வானொலி கேட்க விரும்புகிறவர்களுக்கு இன்று பெரிய தடையாக இருப்பது தொலைவு அன்று, இரைச்சல். 720 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும் சென்னை வானொலி 200 கிலோவாட் திறன் கொண்டது. நேர்கோட்டில் அளந்தால் இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் உட்பட்ட தூரம். தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸும் அதே 200 கிலோவாட்தான். பொழுது சாய்ந்து வளிமண்டலத்தின் உயரத்தில் மின்னேற்றம் பெற்றுள்ள அயனமண்டலத்தின் அடி அடுக்கு கலைந்த பிறகு மேலே பட்டுத் திரும்பி வருகிற அலைக்கு இந்தத் தூரங்கள் ஒரு பொருட்டே அல்ல. அப்படியிருந்தும் வரவேற்பறையில் டிரான்சிஸ்டரைத் திருப்பினால் காதில் விழுவது பெரும்பாலும் கொரகொரப்பும், அதன் அடியில் எங்கோ புதைந்து கிடக்கும் ஒரு தமிழ்க் குரலும்தான். அந்தக் குரலை மீட்டெடுப்பதற்காக நான் வாங்கிப் பயன்படுத்திவரும் ஏர்ஸ்பை நிறுவனத்தின் யூலூப் என்னும் வளைய ஆன்டெனாவைப் பற்றியது இந்த மதிப்புரை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நிலையத்தின் சமிக்ஞையைக் கூட்டித் தரும் கருவி அன்று. நீளக் கம்பியோடு ஒப்பிட்டால் குறைத்தே தருகிறது. ஆனால் இரைச்சலை அதைவிடப் பன்மடங்கு குறைத்துவிடுவதால், பேச்சும் பாட்டும் தெளிந்து மேலே வருகின்றன. வானொலி கேட்பதில் கணக்கில் கொள்ளவேண்டியது சமிக்ஞையின் உயரமன்று, சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் இடையில் உள்ள விகிதமே என்பதை ஏற்றுக்கொள்கிறவர்களுக்கு, நகரத்துக்குள் இதைவிடப் பொருத்தமான சிறிய ஆன்டெனாவை நான் பயன்படுத்தியதில்லை.

பெட்டியில் இருப்பவை மிகக் குறைவு. வளையமாக வளைப்பதற்கு ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு கோஆக்சியல் கேபிள்கள் (நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோக உறையும் கொண்டவை), ரிசீவருக்குக் கொண்டுசெல்ல இரண்டு மீட்டர் கேபிள் ஒன்று, வளையத்தின் உச்சியில் பொருத்தவேண்டிய சிறு இணைப்பி, அடியில் பொருத்தவேண்டிய மின்மாற்றி கொண்ட டீ வடிவ இணைப்பி ஆகியவைதான். எல்லா முனைகளும் எஸ்எம்ஏ எனப்படும், திருகி மாட்டும் சிறு இணைப்பி வகை. விரித்து வட்டமாக்கினால் குறுக்களவு ஏறக்குறைய 64 சென்டிமீட்டர் வரும். பெருக்கி கிடையாது; மின்சாரமும் வேண்டாம். உச்சியில் உள்ள இணைப்பியில்தான் இதன் சூட்சுமம் இருக்கிறது: ஒரு கேபிளின் உள்கம்பி மற்றதன் வெளியுறையோடும், அதன் உள்கம்பி இதன் வெளியுறையோடும் மாற்றிச் சேர்க்கப்படுவதால், சமிக்ஞை வளையத்தை இருமுறை சுற்றிவருகிறது. அடியில் உள்ள மின்மாற்றி வளையத்தைக் கேபிளிலிருந்து பிரித்து, இரு பக்கமும் சமநிலையில் இருக்கச் செய்கிறது. இந்தச் சமநிலைதான் இரைச்சலை விலக்குவதற்கான அடிப்படை.

இரைச்சல் எவ்வளவு என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரையில், மனிதர்களின் மின்கருவிகளால் எழும் வானொலி இரைச்சலை நகரம், குடியிருப்புப் பகுதி, கிராமப்புறம், அமைதியான கிராமப்புறம் என்று வகைபிரித்துச் சூத்திரங்களாகத் தந்திருக்கிறார்கள். அவற்றின்படி 1 மெகாஹெர்ட்ஸில் குடியிருப்புப் பகுதிக்கும் அமைதியான கிராமப்புறத்துக்கும் இடையில் சுமார் 19 டெசிபெல் வேறுபாடு வருகிறது. திறனில் சொன்னால் ஏறத்தாழ 80 மடங்கு. பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் வடக்கே கௌரிபிதனூரில் ராமன் ஆராய்ச்சிக் கழகமும் இந்திய வான் இயற்பியல் மையமும் வானொலி ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கான நியாயம் இந்த எண்களிலேயே தெரிகிறது. நாம் வீட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போக முடியாது. இந்த 19 டெசிபெல்லில் எவ்வளவைத் திரும்பப் பெறமுடியும் என்பதுதான் நம் முன்னால் உள்ள கேள்வி.

இதில் வளைய ஆன்டெனா எப்படி உதவுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் வரும் விளக்கம் பாதி உண்மைதான். 720 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 417 மீட்டர். ஓர் இரைச்சல் மூலத்திலிருந்து அலைநீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தூரம் வரை, அதாவது இங்கே 66 மீட்டர் வரை, மின்புலமும் காந்தப்புலமும் தொலைவிலிருந்து வரும் அலையில் இருக்கும் விகிதத்தில் இருப்பதில்லை. நம் வீட்டு எல்இடி விளக்கின் டிரைவர் எனப்படும் மின்வழங்கி, பக்கத்து வீட்டுச் சார்ஜர், கீழ்த்தளத்து லிஃப்ட் மோட்டார் எல்லாமே இந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. இத்தகைய கருவிகள் மின்சாரத்தை அதிவேகமாக வெட்டி ஒட்டுவதால் எழுந்து வீட்டு மின்கம்பிகளில் ஏறி வரும் ஸ்விட்சிங் இரைச்சலில் மின்புலத்தின் கை ஓங்கியிருப்பது வழக்கம். நீட்டிய கம்பியும் குச்சி ஆன்டெனாவும் மின்புலத்தை வாங்குவதால் அந்த இரைச்சலை முழுதாக உள்ளே விடுகின்றன. சமநிலையில் உள்ள சிறு வளையம் காந்தப்புலத்தையே முதன்மையாக வாங்குவதால் அதில் பெரும்பங்கைத் தவிர்த்துவிடுகிறது. நிலையத்தின் அலையோ தொலைவிலிருந்து இரண்டு புலங்களையும் உரிய விகிதத்தில் சுமந்து வருவதால் வளையத்துக்கும் கிடைத்துவிடுகிறது. ஆனால் எல்லா இரைச்சலும் மின்புல வகையைச் சேர்ந்ததன்று. பெரிய மின்னோட்டம் சுற்றி ஓடும் கருவி அருகில் இருந்தால் அதன் காந்தப்புலம் வளையத்திலும் நன்றாகவே நுழையும். ஆகவே வளையம் வாங்கினாலே அமைதி வந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அப்படி நுழைகிற இரைச்சலுக்கு இரண்டாவது மருந்து திசை. வளையத்தின் விளிம்பு நோக்கும் இரு திசைகளிலிருந்தும் வருவது நன்றாகக் கேட்கும். அதன் முகம் நோக்கும் இரு திசைகளிலிருந்தும் வருவது மங்கிப்போகும். சரியாகச் சமன்செய்யப்பட்ட வளையத்தில் இந்த மங்கல் 20 டெசிபெல்லுக்கு மேல் போகக்கூடியது. ஆனால் அந்தக் கோணம் மிகவும் குறுகலானது, கை சற்று நகர்ந்தாலும் போய்விடும்.

என் பால்கனியில் இதைக் கண்கூடாகவே பார்க்க முடிந்தது. ஏர்ஸ்பை எச்எஃப் பிளஸ் டிஸ்கவரி ரிசீவரை மடிக்கணினியோடு இணைத்து, அலைக்கற்றையை மேலிருந்து கீழாக வழியவிட்டுக் காட்டும் வாட்டர்ஃபால் திரையைத் திறந்தால், நிலையங்களுக்கு நடுவே சம இடைவெளியில் தடித்த கோடுகள் நின்றன. ஸ்விட்சிங் மின்வழங்கியின் கையொப்பம் அது: அதன் இயங்கு அதிர்வெண்ணும் அதன் மடங்குகளும் அலைக்கற்றை நெடுகிலும் வேலிக்கால் நட்டதுபோல நிற்கும். எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் அறையும் மின்மாற்றியும் மேற்குப் பக்கம் இருக்கின்றன. வளையத்தின் முகம் மேற்கே பார்க்கும்படி, அதாவது விளிம்பு தெற்கு வடக்காக அமையும்படி, மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தபோது கோடுகள் வெளிறின. பின் அவற்றில் பல முற்றாகவே அழிந்தன. தூத்துக்குடி இங்கிருந்து ஏறத்தாழ நேர் தெற்கு. 1053இல் அதுவரை கரகரப்பில் முங்கி எழுந்துகொண்டிருந்த அறிவிப்பாளரின் சொற்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்கத் தொடங்கின. லிஃப்ட் ஏறி இறங்கும்போது எழும் உறுமல் மட்டும் மெலிதாக மிஞ்சியது.

சென்னைக்கு இதே ஏற்பாடு பயன்படாது. சென்னை நமக்குக் கிழக்கே இருப்பதால், மேற்குப் பக்கத்து இரைச்சலை மறைக்கும் அதே நிலை சென்னையையும் மறைக்கிறது. இரவில் மேலிருந்து இறங்கி வரும் அலை தரையலையைப்போல முற்றிலும் மறைந்துவிடுவதில்லை என்றாலும் பலவீனமாகிறது. இதற்கு இடத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை. சமையலறையை ஒட்டிய யுடிலிட்டிப் பகுதிக்கு வளையத்தைக் கொண்டுபோனேன். அங்கே லிஃப்ட் அறைக்கும் வளையத்துக்கும் நடுவில் வீடு முழுவதும் குறுக்கே வருவதால், விளிம்பைக் கிழக்கு மேற்காக வைத்தும் 720ஐ நிம்மதியாகக் கேட்க முடிகிறது. யூலூப்பின் எடை மிகக் குறைவு என்பதும், மின்இணைப்பு வேண்டாம் என்பதும் இந்த இடமாற்றத்தில்தான் உண்மையாகப் பயன்படுகின்றன. கூரையில் ஆணியடித்து நிறுத்திய ஆன்டெனாவில் இந்தச் சுதந்திரம் கிடையாது.

ஆன்டெனா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கேபிளின் வெளியுறை வழியாகப் பின்வாசலில் நுழையும் இரைச்சலைக் கவனிக்காவிட்டால் பலன் பாதியாகிவிடும். மடிக்கணினியின் சார்ஜரில் பிறக்கும் இரைச்சல் யூஎஸ்பி கேபிளின் தரைக்கம்பி வழியாக ரிசீவரின் உடலுக்கு வந்து, அங்கிருந்து ஆன்டெனா கேபிளின் வெளிப்புறத்தில் ஏறி, வளையம் வரை போய்ச் சேரும். யூலூப்பின் மின்மாற்றி இதைப் பெருமளவு தடுக்கிறது, முழுவதுமாக அன்று. மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டுவது செலவில்லாத முதல் தீர்வு. அடுத்தது ஃபெரைட் வளையம், அதாவது கேபிளின் வெளியுறையில் ஏறும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேபிளின்மேல் கவ்விக்கொள்ளும் ஃபெரைட்டும் முழு வளையமும் கிடைக்கின்றன. எந்தக் கலவை என்ற குறிப்பு இல்லாமல் விற்கப்படுவது ஏராளம் என்பதால், கலவை எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது. மத்திய அலைக்கும் சிற்றலையின் கீழ்ப்பகுதிக்கும் 75ஆம் கலவையும், சிற்றலை முழுவதற்கும் 31ஆம் கலவையும் பொருந்தும். எளிதில் கிடைக்கும் 43ஆம் கலவை உயர்ந்த அதிர்வெண்களில்தான் தன் முழுத் திறமையையும் காட்டும்.

கேபிளின்மேல் ஒரு கவ்வியை மாட்டிவிட்டுப் பலன் இல்லை என்று கைவிடுகிறவர்கள் பலர். ஒரு கவ்வி என்பது ஒரே ஒரு சுற்று. தடுப்பாற்றல் சுற்றுகளின் எண்ணிக்கையினுடைய வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அதே கேபிளைப் பெரிய வளையத்துக்குள் ஆறு முறை நுழைத்துச் சுற்றினால் மத்திய அலையில் ஏறத்தாழ 36 மடங்கு கிடைக்கும். யூலூப்போடு வரும் இரண்டு மீட்டர் கேபிள் மெல்லியது. வளைத்துச் சுற்றுவதற்கு வசதியானது. ஆனால் சுற்றியபின் மிஞ்சும் நீளம் பால்கனிக்கும் மேசைக்கும் எட்டாது. தரமான நீட்டிப்புக் கேபிள் ஒன்றைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

இரைச்சலை அதன் பிறப்பிடத்திலேயே நிறுத்துவதற்கு எந்த ஆன்டெனாவும் ஈடாகாது. பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரை மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு, வீட்டின் எம்சிபி என்னும் மின்சுற்றுச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி எந்த அறையில் என்று தெரிந்துவிடும். பின் அந்த அறையில் ஒவ்வொரு கருவியாகச் செருகியைக் கழற்றிப் பார்க்கலாம். என் வீட்டில் அகப்பட்டது இணைய மோடத்தின் அடாப்டர். மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்களும் இந்தத் தேடலில் அடிக்கடி சிக்கக்கூடியவை. வினாடிக்கு 100 முறை மின்னோட்டத்தை வெட்டி ஒட்டுவதால் அவை எழுப்பும் ஒலி, தேனீக் கூட்டை மூடியது போன்ற ஓயாத ரீங்காரமாக இருக்கும், எளிதில் அடையாளம் காணலாம். இப்போது பரவலாகிவரும், மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி விசிறிகளில் அந்த ரீங்காரம் இல்லை, ஆனால் உள்ளே ஸ்விட்சிங் மின்வழங்கி இருப்பதால் அவற்றிலும் சில இரைச்சல் எழுப்பவே செய்கின்றன. மேல் வீட்டிலிருந்து வரும் இரைச்சலை நாம் அணைக்க முடியாது. அதற்குத்தான் வளையமும் திசையும். மின்சாரம் போன மாலைகளில் கட்டடம் முழுவதும் அடங்கியபின் வாட்டர்ஃபால் திரை கறுத்துத் தெளியும்போது, இங்கே வானொலி உண்மையில் எவ்வளவு நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்பது தெரியவரும்.

பெருக்கியுடன் கூடிய வளைய ஆன்டெனாக்களையும் இங்கே ஒப்பிட்டாக வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர்கள் முதலில் அவற்றைத்தான் பார்க்கிறார்கள். திரையில் சமிக்ஞை உயரமாக எழும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் பெங்களூரில் 612 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் நிலையம் ஒன்று நகரத்துக்கு அருகிலேயே ஒலிக்கிறது. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்குள் பண்பலை நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பரந்த அலைக்கற்றையில் இயங்கும் பெருக்கி இவை அத்தனையையும் ஒருசேர வாங்கிக்கொள்வதால், அதன் எல்லை மீறும்போது இவை ஒன்றோடொன்று கலந்து, எங்கும் ஒலிபரப்பாகாத அதிர்வெண்களில் போலி நிலையங்களைப் பிறப்பிக்கின்றன. பெருக்கிக்கு மின்சாரம் தரும் அடாப்டரே புதிய இரைச்சல் மூலமாவதும் உண்டு. யூலூப்பில் உள்ளது கேபிளும் சிறு மின்மாற்றியும் மட்டுமே என்பதால் இந்த இரண்டு தொல்லைகளுக்கும் இடமே இல்லை. பலமான நிலையங்கள் சூழ்ந்த நகரத்தில், பெருக்கி இல்லாததை நான் இதன் முதன்மையான தகுதியாகவே எண்ணுகிறேன்.

இதற்குக் கொடுக்கவேண்டிய விலை ரிசீவரின் பக்கம் வருகிறது. பெருக்கி இல்லாத சிறு வளையம் தருவது மிகச் சிறிய சமிக்ஞை. ரிசீவர் நுண்ணியதாக இல்லாவிட்டால் அந்தச் சமிக்ஞை ரிசீவரின் சொந்த இரைச்சலிலேயே மூழ்கிவிடும். இதை ஏர்ஸ்பையும் மறைக்கவில்லை. நுண்ணுணர்வு மிக்க ரிசீவர்களுக்கானது என்றே சொல்கிறது. 0.5 கிலோஹெர்ட்ஸ் முதல் 31 மெகாஹெர்ட்ஸ் வரையும், 60 முதல் 260 மெகாஹெர்ட்ஸ் வரையும் வாங்கக்கூடிய எச்எஃப் பிளஸ் டிஸ்கவரியோடு இது மிகப் பொருத்தமாக இயங்குகிறது. கணினியில் செருகும் மலிவு ரிசீவரான ஆர்டிஎல் எஸ்டிஆர் மூன்றாம் பதிப்பின் நேரடி மாதிரியெடுப்பு முறையோடு இணைத்தால் சிற்றலையில் ஏமாற்றமே மிஞ்சும்; அத்தகைய ரிசீவர் வைத்திருப்பவர்கள் நல்ல இரைச்சல் குறைந்த பெருக்கி ஒன்றைச் சேர்க்கவேண்டும், அல்லது வேறு ஆன்டெனாவைப் பார்க்கவேண்டும். கையடக்க டிரான்சிஸ்டர்களில் வெளி ஆன்டெனாத் துளை சிற்றலைக்கு மட்டும் இணைக்கப்பட்டிருப்பது பொதுவானது என்பதால், மத்திய அலைக்கு இது உதவுமா என்பதை வாங்குவதற்கு முன்பே மாடலின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சியும் ஒரு வளைய ஆன்டெனாவே. டிரான்சிஸ்டரையே திருப்பி வைத்து இரைச்சலை மங்கச் செய்யும் வித்தை அங்கும் செல்லும்.

சிற்றலையில் இதன் பலன் சீரானதாக இல்லை. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே மத்திய அலையைப்போலவே தெளிவு தெரிகிறது. அதற்கு மேலே போகப்போக அலைநீளம் சுருங்கி, இரைச்சல் மூலங்கள் அந்த அருகாமை எல்லையைத் தாண்டிப்போய்விடுவதால், மின்புலத்தைத் தவிர்க்கும் நன்மை குறைந்து, திசையின் நன்மை மட்டும் மிஞ்சுகிறது. 300 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் என்று சொல்லப்பட்டாலும், பண்பலைக்காக இதை வாங்கவேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

கட்டுமானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கேபிள் தானாக வட்டமாக நிற்காது. தாங்கு சட்டம் நாமே செய்துகொள்ளவேண்டும். அரை அங்குல பிவிசி குழாயைக் கூட்டல் குறியாக இணைத்து, நான்கு முனைகளிலும் கேபிளைக் கட்டினால் போதும். உலோகக் குழாயும் பால்கனியின் இரும்புக் கிராதியும் வளையத்தின் சமநிலையைக் கெடுக்கும் என்பதால் கிராதியிலிருந்து இயன்ற அளவு தள்ளியே வைக்கவேண்டும். எஸ்எம்ஏ இணைப்பிகள் நுண்மையானவை, அடிக்கடி கழற்றி மாட்டுவதற்கு உரியவை அல்ல. மழைக்காப்பும் கிடையாது. ஜூனிலிருந்து பெங்களூரில் வந்துபோகும் சாரல் காலத்தில் பால்கனியின் உள்பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. வெளியில் நிரந்தரமாக நிறுத்த விரும்புகிறவர்கள் எல்லா இணைப்புகளையும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் சுற்றி மூடவேண்டும்.

விலை, 2020இல் விற்பனைக்கு வந்தபோது சுமார் 35 டாலர். அனுப்பும் செலவும் சுங்க வரியும் தனி. கேபிளுக்கும் இரண்டு இணைப்பிகளுக்கும் இது மிகுதி என்று நினைக்கிறவர்கள், சால்டரிங் பழக்கம் இருந்தால், ஆர்ஜி 58 கேபிளும் இரட்டைத் துளை ஃபெரைட் ஒன்றும் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். உச்சியில் உள்கம்பியையும் வெளியுறையையும் மாற்றி இணைக்கும்போது இரண்டு இணைப்பும் ஒன்றையொன்று தொடாமல் இன்சுலேஷன் குழல் போடவேண்டும். அடியில் உள்ள மின்மாற்றியில் வளையத்துப் பக்கச் சுற்றும் ரிசீவர் பக்கச் சுற்றும் ஒரே எண்ணிக்கையில், ஒன்றோடொன்று மின்தொடர்பின்றி இருக்கவேண்டும். வளையத்தின் இரு பாதிகளும் ஒரே நீளத்தில் வெட்டப்படவேண்டும். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் சமநிலை போய், விளிம்பை எங்கே திருப்பினாலும் இரைச்சல் ஒரே அளவில் நிற்கும்.